போர்த்தி வைத்த தட்டுகள்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயரே ரொட்டிக்கார அண்ணிதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனோடு சேர்ந்து பேக்கரியில் மாவு பிசைந்தாள். ஈரத்துணி போர்த்தி மாவு உப்பும்வரை காத்திருந்தாள். தெரு விழிக்கும் முன்னே அடுப்பைத் திறந்தாள். பிறகு பெரிய கம்பெனி ரொட்டி பளபளவென்று உறை போட்டுக்கொண்டு கடைகடையாக வந்து இறங்கியது. இவர்கள் பேக்கரி படுத்தேவிட்டது. புருஷன் டிவி முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அண்ணிக்கோ சும்மா இருந்தால் கை நமநமக்கும். துடைத்த ஜன்னல் கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தவளை அந்த வீட்டில் நாத்தனார் ஒருத்திதான் கவனித்தாள்.

நாத்தனார் நுண்ணுயிரியல் படித்தவள். ஆய்வகத்து வேலையை உதறிவிட்டு, மூடிக் கிடந்த பேக்கரியின் பின்னறையில் ஒரு சின்னத் தொழிலைத் தொடங்கியிருந்தாள். எண்ணெய் ஆலையில் மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்து, ஈரமாக்கி, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் ஒரு வகை ஈஸ்ட்டைக் கலந்து தட்டுகளில் பரப்புவாள். மிதக்கத் தண்ணீர் கிடையாது. அந்த ஈரப் பொடிமேலேயே ஈஸ்ட் வளரும். பிண்ணாக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தின்பதற்காக அது ஒரு நொதியைச் சுரக்கும். அந்த நொதியைக் கழுவி வடித்தெடுத்தால், துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை அது பிரித்தெடுத்துவிடும்.

"படிச்ச படிப்புக்குப் பிண்ணாக்கு கிளறுறா பாரு," என்று அண்ணன்காரர் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் கிண்டலடித்தார்.

"நீங்க அந்தப் பிண்ணாக்கு சீரியலைப் பாருங்க, போதும்," என்று சொல்லிவிட்டு அண்ணி நாத்தனாரோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஆனால் தொழில் தள்ளாடியது. பழைய ஆய்வகம் திரும்ப வரச்சொல்லிப் போன் மேல் போன் போட்டது. ஒரே ஒரு சலவை ஆலைக்காரர் மட்டும், "வெள்ளிக்கிழமை வரேன், என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க," என்றிருந்தார். அவர் உதட்டைப் பிதுக்கினால் நாத்தனார் பெட்டியைக் கட்டிவிடுவாள். அண்ணிக்கு மறுபடி ஜன்னல் கம்பிதான்.

புதன்கிழமை வடிகட்டி வாங்க நாத்தனார் வெளியூர் போனாள். தட்டுகளுக்கு அண்ணி காவல். வெளியே மழைக்காற்று சிலுசிலுவென்று அடித்தது. ஐயோ பாவம், குளிருமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. இடைவெளி விட்டு வைத்திருந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கி, பழைய பேக்கரித் துணிகளை நனைத்துப் பிழிந்து போர்த்திவிட்டாள். கடைசி அலமாரிக்கு மட்டும் துணி போதவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் நாத்தனார் கதவைத் திறந்ததும் குப்பென்று ஊசல் வாடை அடித்தது. துணியை விலக்கித் தொட்டால் தட்டு சுட்டது. ரொட்டி மாவுக்குக் கதகதப்பை நாம் தரவேண்டும். பிண்ணாக்கில் வளரும் ஈஸ்ட்டோ தானே சூட்டைக் கிளப்பும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் ஈஸ்ட் அதிலேயே வெந்து செத்துப்போகும். பேக்கரிக்காரியைத் தவிர வேறு யாருக்கும் அதை இவ்வளவு பாசமாகக் கொல்லத் தோன்றியிருக்காது!

"என்ன அண்ணி பண்ணி வெச்சிருக்கீங்க? இதென்ன பச்சைக் குழந்தையா, போர்த்தித் தூங்க வைக்க?"

"குளிருமேன்னுதான்..."

"குளிருமாம்! போச்சு, எல்லாம் போச்சு. அவரை வரவேணாம்னு சொல்லிடறேன்." நாத்தனார் போனை எடுத்தாள்.

அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. பொலபொலவென்று அழுதாள். அழுதுகொண்டே போய்க் கடைசி அலமாரியைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடுதான், கெட்ட வாடையும் இல்லை.

"தப்பு என்னோடது. எவ்வளவு வேணா திட்டு, வாங்கிக்கறேன். ஆனா முதல்ல போனை வை. இங்க வந்து இதைப் பாரு. அவரு என்ன லாரி லாரியாவா கேட்டாரு? ஒரு துணியாவது துவைச்சுக் காட்டுவோம்."

நாத்தனார் ஒரு சிட்டிகை கிள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஈஸ்ட் உயிரோடு இருந்தது. திட்டுவதை அவள் நிறுத்தவில்லை, ஆனால் போனை வைத்துவிட்டாள். கெட்டதையெல்லாம் கொட்டி, அலமாரிகளைக் கொதிநீரில் கழுவி, நல்ல தட்டுகளில் காற்று புகும்படி கட்டிகளை உதிர்த்துவிட்டார்கள். அன்று முழுக்க அண்ணி துணிப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அந்தத் தட்டுகளைக் கழுவி நொதியை வடித்து வைத்தார்கள். சலவை ஆலைக்காரர் ஒரு சமையல்காரருடைய மேலங்கியோடு வந்தார். அதைக் கண்கொண்டு பார்க்க முடியாது, அவ்வளவு பிசுக்கு. இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் சோப்புத் தண்ணீரிலும், மறுபாதியை அதே சோப்புத் தண்ணீரோடு தங்கள் நொதி கலந்த வாளியிலும் ஊறப்போட்டாள் நாத்தனார். அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலசி எடுத்தபோது முதல் பாதி மஞ்சளாகவே வந்தது. மறுபாதியை அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், கட்டைவிரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார்.

"வாரா வாரம் ஒரு கேன் வேணும். முடியுமா?"

நாத்தனார் விரல்விட்டுத் தட்டுக் கணக்குப் போடத் தொடங்கினாள்.

"முடியும்," என்றாள் அண்ணி.

அவர் போனதும் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. அண்ணி வாளியைக் கழுவுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இல்லைங்க, நான் வரலை," என்றாள் நாத்தனார். "இங்க எங்க அண்ணி இருக்காங்க. அவங்க இல்லாம இதை என்னால நடத்த முடியாது." பிறகு திரும்பி, அண்ணியை ஒரு முறை முறைத்துவிட்டுச் சொன்னாள்: "அவங்களைத் தனியா விடவும் முடியாதுங்க. கொஞ்சம் கண்ணசந்தா போர்த்தி விட்டுடுவாங்க."