பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்

2023 ஒக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு முப்பத்தைந்து. கொக்குவிலில் அரை மணித்தியாலம் அடித்துப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்த நிமிடத்தில்தான் எங்கள் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் என் முதலாவது வேண்டுகோள் ஏறியது. அதற்குப் பிறகு மூன்று நாள் நான் ஒழுங்காக உட்காரவேயில்லை.

சங்கம் என்றால் பதினொரு பேரும் ஒரு பழைய வான் வண்டியும். சிறுநீரகம் பழுதான ஏழு பேரைப் புதனும் சனியும் இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதுதான் எங்கள் ஒரே வேலை. வெள்ளிக்கிழமை வானின் கியர்பெட்டி உடைந்தது. கராஜ்காரர் கேட்டது இரண்டு இலட்சத்து எண்பதாயிரம். வங்கியில் இருந்தது நாற்பத்தோராயிரம். சனிக்கிழமை ஆறு பேர் எப்படியோ ஓட்டோ பிடித்துப் போனார்கள். புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஓர் அம்மா மட்டும் போகவில்லை. ஓட்டோக் கூலி அவருக்குக் கட்டுபடியாகவில்லை.

ஞாயிறு காலை பஸ் எடுத்துப் போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

“புதன்கிழமை வான் வருமோ மாஸ்டர்?”

“வரும்” என்றேன். எந்தத் துணிவில் சொன்னேன் என்று வீடு வந்து சேரும்வரை என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

எங்கள் செயலாளர் வங்கியில் வேலை செய்யும் பெண்பிள்ளை. சொல்ல வந்ததை நேராகச் சொல்லிவிடுவார். “ஊருக்குள்ளை உண்டியல் குலுக்கினால் புதனுக்குள்ளை கராஜ்காரருக்கு அட்வான்சும் சேராது, மாஸ்டர். இன்ரநெற்றிலை கேப்பம். சங்கம் கேக்குது எண்டால் ஆரும் திரும்பிப் பாராயினம். ஒரு மனிசன்ரை முகம் தெரியவேணும். உங்களிட்டைப் படிச்ச சனம் உலகம் முழுக்கக் கிடக்குது. நீங்களே எழுதுங்கோ, கதைக்கிற மாதிரி.” எப்படிப் பதிவிடுவது என்று காட்டிவிட்டு அவர் கராஜுக்குப் போய்விட்டார்.

முப்பத்துநான்கு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். கதைக்கிற மாதிரி எழுதிப் பழக்கமில்லை. எழுதுகிறவன் ஆர் என்பதை முதலில் நிறுவ வேண்டாமா? ‘யாழ். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், கொக்குவிலை வசிப்பிடமாகவும் கொண்ட, முப்பத்துநான்கு வருடங்கள் கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற’ என்று தொடங்கினேன். ‘நான்’ என்பது அதற்குப் பிறகு வந்தது. ஓய்வூதியத்துக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை மேலே போட்டேன். வங்கிக் கணக்கு இலக்கத்தை மூன்று தரம் சரிபார்த்தேன். வேறொன்றையும் பார்க்கத் தோன்றவில்லை.

கைத்தொலைபேசியில் முதல் மூன்று வரிதான் தெரியுமாம். மிச்சம் ‘மேலும் பார்க்க’ என்பதற்கு அடியில் போய்விடும். பிறப்பிடம், வசிப்பிடம், கறுப்பு வெள்ளைப் படம் மூன்றும் ஒன்றாக வந்தால் எங்கள் சனத்துக்கு மேலும் பார்க்க என்ன இருக்கிறது? மரண அறிவித்தல்தான்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு லண்டனிலிருந்து முதல் அழைப்பு. மனைவி எடுத்தாள். அழுகிற குரல் எனக்கும் கேட்டது.

“அன்ரி, சேர் எப்ப மோசம் போனவர்?”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அவர் உதிலை நிண்டு, போட்டது போட்டுதோ எண்டு ரவுட்டர் லைற்றை எண்ணிக்கொண்டிருக்கிறார். குடுக்கிறன், கதையுங்கோ.”

நான் வாங்கி “ஆர் கதைக்கிறது?” என்றேன். அழுகை சட்டென்று நின்றது.

“சேர்?”

“ஓம்.”

“சேர், இப்பதான் நூறு பவுண் போட்டனான். செத்தவீட்டுச் செலவுக்கெண்டு.”

“வானுக்கு எடுக்கலாமோ?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

ஆறு மணிக்குள் நூற்றுப்பதினெட்டுப் பின்னூட்டம். ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ தொண்ணூற்றொன்று. ‘பிரம்பு மறக்கேல்லை, எண்டாலும் நல்ல மனிசன்’ என்று ஒருவன். எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று நான் போனை எடுத்தபோது மனைவி தடுத்தாள். “உயிரோடை இருக்கேக்கை ஒருத்தரும் உங்களை உப்பிடிப் புழுகேல்லை. பொறுங்கோ, வாசிச்சு முடிப்பம்.”

செயலாளர் ஸ்கூட்டியில் பறந்து வந்தார். “அழிச்சியள் எண்டால் வந்த சனமும் போயிடும். மேல் வரியை மாத்துங்கோ. ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லிப் பதில் எழுதுங்கோ. காசு திருப்பி வேணுமெண்டால் தருவம் எண்டும் எழுதுங்கோ.”

எல்லோரும் திருப்பிக் கேட்டால் புத்தூரில் நான் சொன்ன சொல் என்னாவது? என்றாலும் செத்தவனுக்கு வந்த காசில் வான் ஓடக்கூடாது. எழுதினேன்: ‘நான் சாகவில்லை. வான்தான் செத்துவிட்டது. புதன்கிழமைக்குள் அதை எழுப்பவேண்டும்.’ உங்கள் படத்தையும் போடலாமோ என்று புத்தூர் அம்மாவிடம் போனில் கேட்டோம். “முகத்தைப் போடாதையுங்கோ. செருப்பைப் போடுங்கோ” என்றார். அவர் வீட்டுப் படியில் சும்மா கிடந்த செருப்பின் படம்தான் ஏறியது.

அதன் பிறகு நடந்தது என் கணக்கில் இல்லாதது. அழுதவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். காசைத் திருப்பிக் கேட்டவர் ஒருவருமில்லை. என்னோடு அளவெட்டியில் படித்து இப்போது கனடாவில் இருப்பவன் மட்டும் எச்சரித்தான்: “மச்சான், நீ மெய்யாப் போகேக்கை நான் திரும்பத் தரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.” திங்கள் மத்தியானம் கராஜ்காரருக்கு முழுத்தொகையும் போய், மேலே முப்பத்தெட்டாயிரம் மிஞ்சியது.

புதன் காலை வான் புத்தூர் ஒழுங்கைக்குள் திரும்பியபோது முன்சீற்றில் நான் இருந்தேன். அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறினார். “வாற கிழமை காலிலை போடுவன், மாஸ்டர்.” அந்தக் கையையும் செருப்பையும் படமாகப் போட்டோம். அடுத்த புதன் அதே செருப்பு காலில். அந்தப் படத்துக்குக் கீழேதான் இருபத்துமூன்று பேர் மாதாமாதம் தருகிறோம் என்று எழுதினார்கள். காசு கேட்காத நாளிலும் படம் போடவேண்டும் என்பது செயலாளரின் சட்டம். இன்றுவரை ஒரு புதனும் ஒரு சனியும் தவறவில்லை.

முதல் புதன் மத்தியானம் வீடு திரும்பினால், பனர் அடிக்கிற கடைக்காரர் படலையில் நிற்கிறார். கையில் ஒரு சுருள். விரித்தார். ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே என் முகம்.

“ஞாயிறு பின்னேரம் பழைய மாணவர் ஓடர் தந்தவை. இப்ப ஒருத்தரும் எடுக்க வருகினமில்லை. நீங்கள் செத்திருந்தால் எனக்கு உந்தக் கரைச்சல் இல்லை, மாஸ்டர்.”

“வாங்கி வையுங்கோ, திகதியை மட்டும் பிறகு மாத்தலாம்” என்றாள் மனைவி.

ஆறடிக்கு நாலடி. வான் நிற்கும் கொட்டிலின் கூரையில் மழைக்கு ஒழுகுகிற இடமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முகத்தைக் கீழே திருப்பிக் கட்டினோம். வானுக்கு வந்த காசில் இதற்குச் சதமும் எடுக்க மனம் வரவில்லை, ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தேன். இருபத்துநான்கு சதுர அடி, அடிக்கு நூற்றுப்பத்து: இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா.