இரண்டு பொடிகளும் ஒன்றல்ல

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். என் வழிகாட்டி ஒரு குரோஷியப் பெண்மணி. அந்தத் துறையில் கரிம வேதியியலுக்குத் தனிக் குழு வைத்திருந்த முதல் பெண் அவர்தான். கோட்டும் டையுமாக வரும் விருந்தினர்கள் அவரைத் தட்டச்சு செய்பவர் என்று நினைத்துக் காபி கேட்பார்கள். அவரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "சரி, உங்க கேள்வி என்ன?" என்பார். அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்ப்பதற்காகவே நான் கதவருகில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.

ஒரு மலைச்செடியின் வேரில் இருக்கும் மருந்துப் பொருளை ஆய்வகத்தில் முதன்முதலாகச் செய்து காட்டியவர் என்பதுதான் அவருக்கு இருந்த பெயர். அதை நம்பித்தான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். தேர்வுக் குழுவின் முன் உரையாற்ற ஒரு வாரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு மூட்டை வேர் வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு சில்லறை வேலை கொடுத்தார். வேரிலிருந்து எடுத்த பொடியையும் அவர் செய்த பொடியையும் கலந்து உருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பொருள் என்றால் கலவையும் அதே சூட்டில் உருகும். வேறு வேறு என்றால் முன்னதாகவே உருகிவிடும். பல வருடங்களுக்கு முன்பு வேரிலிருந்து அவருக்குக் கிடைத்தது ஒரு சிட்டிகைகூட இல்லை என்பதால் கலந்து பார்க்காமல் விட்டிருந்தார். தனித்தனியே ஒரே சூட்டில் உருகியதே போதும் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

கலவை முன்னதாகவே உருகியது. என் கைராசி அப்படி என்று நொந்துகொண்டு திரும்பச் செய்தேன். அப்போதும் அப்படியேதான். பிறகு அவரே உட்கார்ந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் கலவை இந்த முறையும் முன்னதாகவே நனைந்து சரிந்தது.

"வேறதான்," என்றார்.

"உரை முடியட்டும், ஃபிராவ் டாக்டர். அப்புறம் சொல்லிக்கலாம். பார்த்தது நாம ரெண்டு பேர்தானே," என்றேன்.

"ரெண்டு பேர் போதாதா?" என்றார்.

உரையன்று கரும்பலகையில் தன் பொருளின் அமைப்பை அழகாக வரைந்தார். பிறகு திரும்பி, "இது நான் செய்தது. வேரில் இருப்பது இது இல்லை. அது என்னவென்று இன்னும் எனக்குத் தெரியாது," என்றார். முன்வரிசையில் ஒருவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அந்த ஆளை அறையலாம் போல எனக்கு ஆத்திரமாக வந்தது.

பதவி வேறொருவருக்குப் போனது. செய்தி வந்த காலையில் அவர் வழக்கம்போல வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வேர்ப்பொடியைக் கரைத்து நான் ஆறவைத்திருந்த குடுவையில் படிகம் விழத் தொடங்கியிருந்தது. குனிந்து பார்த்தார்.

"நல்லா வருது. இது என்னன்னு கண்டுபிடிப்போம், வாங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன்.

அவர் குடுவையைச் சற்று நகர்த்தி வைத்தார். "கண்ணீர்ல உப்பு இருக்கு. தள்ளி நின்னு அழுங்க."