வாசலில் செருப்பு கிடக்கும் தெரு

சிட்னியில் குடியிருக்க எந்தப் பகுதி நல்லது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2009 ஜூன், குளிர்காலம். பாரமட்டாவில் எனக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆஸ்திரேலியாவில் இந்திய மாணவர்கள் தாக்கப்படும் செய்திகளை டி.வி.யில் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடு என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை முடிவதோ ஆறு மணிக்கு. ஜூனில் ஐந்துக்கே இருட்டிவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்கும் தனியாக நடக்க முடிகிற தெரு வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் முதலில் கெல்லிவில் போனேன். பாரமட்டாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அறை வாரம் 120 டாலர். புது வீடுகள், அகலமான தெருக்கள். கால் மணி நேரம் நடந்தும் ஓர் ஆள் கண்ணில் படவில்லை. தெருவைப் பார்த்து இருப்பதெல்லாம் கார் ஷெட்டின் கதவுகள். இங்கே கத்தினால் யாருக்குக் கேட்கும் என்றுதான் நினைத்தேன். "கார் வாங்கிட்டா ஒரு பிரச்சினையும் இல்லம்மா," என்றார் வீட்டுக்காரர். எனக்கு ஓட்டத் தெரியாது. (வெட்கப்பட்டு அதைச் சொல்லவில்லை.)

பாரமட்டாவுக்குத் திரும்பி வந்து, இன்னோர் அறையைப் பார்க்க நார்த்மீட்டுக்கு வேறு பஸ் பிடித்தேன். இறங்கும்போது இருட்டிவிட்டது. தொப்பி போட்ட ஒருவரும் பின்னால் இறங்கினார். நான் திரும்பிய தெருவில் அவரும் திரும்பினார். வேகமாக நடந்தேன். காலடிச் சத்தமும் விடவில்லை. அப்போதுதான் ஒரு வாசல் விளக்கின் கீழ் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். நடுவே பெரிய பெரிய பூட்ஸ். நம் ஆட்கள் வீடு, ஆண்கள் இருக்கிறார்கள். ஓடிப்போய்த் தட்டினேன். தொப்பிக்காரர் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனார்.

சங்கிலியைக் கழற்றாமலே கதவு கொஞ்சம் திறந்தது. "ஆர் பிள்ளை? தமிழோ? தனியவோ?"

"ஆமா," என்றேன்.

இலங்கையில் மன்னாரைச் சேர்ந்த அன்ரி (நம் ஊர் ஆன்ட்டி) அவர். குசினியில், அதாவது சமையலறையில், உட்காரவைத்துத் தேநீர் தந்தார். ஆண்கள் வேலைக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்.

"ஒருத்தரும் இல்லை. நானும் பூனையும்தான். வாசல்ல கிடக்கிற சப்பாத்தெல்லாம் பழைய சாமான் கடையில வாங்கினனான். ஆம்பிளையள் இருக்கினம் எண்டு பாக்கிறவை நினைக்கட்டும்."

அந்தத் தொப்பிக்காரர்? "மூலை வீட்டுக்காரர். எனக்கும் அவரைக் கண்டாப் பயம்தான்."

நான் பார்க்கப் போன அறை இரண்டு வீடு தள்ளி இருந்தது. வாரம் 140 டாலர். எடுத்துக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் பஸ் வரும் நேரத்தில் அன்ரி வீட்டுத் திரை விலகும். அவர் குசினியில் விளக்கு எரிகிறதா என்று நானும் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

வீடு தேடுகிறவர்கள் பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பிறகு ஒரு தோழியோடு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து பாருங்கள். சமையலறை எவ்வளவு பெரிது என்பதைவிட, தெருவைப் பார்த்து எத்தனை ஜன்னல் என்று பாருங்கள்.

நான் குடிவந்த சில மாதங்களில் அன்ரி என் பழைய செருப்பைக் கேட்டு வாங்கி, பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். இந்தச் சின்னச் செருப்பைப் பார்த்து யார் பயப்படுவார்கள் என்றேன்.

"பயப்படுத்த இல்லை. உம்மை மாதிரி இன்னொரு பிள்ளை ஓடி வந்தா, உள்ளுக்குப் பொம்பிளையளும் இருக்கினம் எண்டு தெரியட்டும்."