அது எங்கப்பா ஆக்கும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து ஆரியங்கோட்டு விஜயதாஸுக்கு ஆட்டோ ஓட்டுவது தொழில். சபையின் ஜூபிலி மலர்க் கமிட்டியில் இருப்பது பெருமை. அவர் அதில் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். அவருடைய அப்பா சத்தியதாஸ் அந்தச் சபையில் முப்பத்தெட்டு வருடம் மணியடித்தவர். ஒரு காகிதத்திலும் அவர் பெயர் கிடையாது. போதகர்களுக்குப் படம் உண்டு, பொருளாளர்களுக்குப் படம் உண்டு, ஆர்மோனியப் பெட்டிக்குக்கூடப் படம் உண்டு. இந்த மலரிலாவது அப்பா வந்தே ஆகவேண்டும் என்று விஜயதாஸ் ஒற்றைக்காலில் நின்றார்.

கமிட்டி முதலில் சனிக்கிழமைதோறும் கூடியது. வந்தவர்கள் டீ குடித்தார்கள், பழம்பொரி தின்றார்கள், சண்டை போட்டார்கள். பிறகு வங்கியில் வேலைபார்க்கும் சஜன் எல்லோருக்கும் மெயில் அனுப்பினான். ஒருத்தராவது திறந்து பார்க்க வேண்டுமே! கடைசியில் வாட்ஸாப் குரூப். இந்த வசதி வேறு எதில் உண்டு? வராமலே வந்ததாகக் காட்டலாம், படிக்காமலே படித்ததாகக் காட்டலாம். ஒரு கட்டைவிரல் போதும். பதினான்கு பேரும் ஒரே வாரத்தில் மகா சுறுசுறுப்பாகிவிட்டார்கள். காலை வணக்கத்துக்கும் யாரோ வீட்டுப் பலாப்பழத்துக்கும் நடுவே சபையின் நூற்றைம்பது வருட வரலாறு தயாரானது.

மலரை வடிவமைத்தவள் ஜிஜா. கோட்டயத்துப் பெண், போன வருடம்தான் நெய்யாற்றின்கரைக்குக் கட்டிக்கொண்டு வந்தவள். விஜயதாஸ் பழைய குழுப்படம் ஒன்றைக் குரூப்பில் போட்டார். அதன் ஓரத்தில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி ஒல்லியாக ஒருவர் நின்றார். "கயறு பிடிச்சு நிக்குந்நது ஆரா அங்கிளே?" என்று கேட்டாள் ஜிஜா.

பாறசாலை ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்த விஜயதாஸ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாய்ஸ் அனுப்பினார். "அது எங்கப்பா ஆக்கும் மக்கா."

நம்மூரில் ஆக்கும் என்றால் அடித்துச் சொல்வது. ஜிஜா ஊர் மலையாளத்திலோ அதே ஆக்கும், 'அப்படித்தான் இருக்கும்போல' என்று இழுப்பது. நேரில் கேட்டிருந்தால் அவர் நிமிர்ந்ததையாவது பார்த்திருப்பாள். வாட்ஸாப்பில் நெஞ்சு போகாதே.

அச்சுக்குப் போகுமுன் அறுபத்துநாலு பக்கமும் குரூப்புக்கு வந்தன. பதினான்கு கட்டைவிரலும் வந்தன.

ஜூபிலி ஆராதனை முடிந்து மலர் கைக்கு வந்ததும், விஜயதாஸ் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தேடிப்பிடித்தார். அப்பா இருந்தார், கயிறும் இருந்தது. பெயர் இல்லை. கீழே மலையாளத்தில் ஒரே வரி: 'மணியடிப்பவர். விஜயதாஸின் தகப்பனாராக இருக்கலாம்.'

அங்கேயே நின்று ஜிஜாவுக்குப் போன் போட்டார்.

"அங்கிள்தானே ஆக்கும்னு பறஞ்ஞது?" என்றாள் அவள். "அங்கிளுக்கே உறப்பில்லை, சந்தேகம்னு நினைச்சேன். பிடிஎஃப் இட்டப்போ முதல்ல லைக் இட்டதும் அங்கிள்தான்."

அவர் குரூப்பைத் திறந்து மேலே தள்ளிப் பார்த்தார். முதல் கட்டைவிரல் அவருடையதுதான். ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டியிருக்கவில்லை. யாரை ஏச?

சாயங்காலம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, எழுத்தெழுத்தாகத் தட்டினார்: 'மலர் 41ஆம் பக்கத்தில் நிற்பது என் அப்பா சத்தியதாஸ்.' ஆக்கும் போடவில்லை.

அரை நிமிடத்தில் பன்னிரண்டு கட்டைவிரல் வந்துவிட்டன. சஜன் மட்டும் சிரமப்பட்டு இரண்டு வார்த்தை எழுதியிருந்தான்: 'ஆழ்ந்த இரங்கல்.'