தரையைத் தட்டிப் பார்த்தவன்

அந்த ஆமிக்காரனின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த ஆள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. எங்கே நின்றாலும் துவக்கின் அடியால் தரையைத் தட்டிக்கொண்டே நிற்பான்.

சண்டைக் காலத்தில் ஒரு நாள் காலை, பாலையூற்றில் எங்கள் வீட்டைச் சோதிக்க வந்தான். முன்னறைத் தரையில் நான் புதிதாக வைனில் என்ற பிளாஸ்டிக் பலகை போட்டிருந்தேன். மரப்பலகை மாதிரி நீளத் துண்டுகள். ஒன்றின் விளிம்பை மற்றதில் கொளுவ வேண்டும். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து, ஆள் பிடிக்காமல் பொம்பிளை நானே போட்ட தரை அது.

நடுவில் ஓரிடத்தில் தட்டியபோது சத்தம் மாறிக் கேட்டது. அவன் முகமும் மாறியது.

"கீழ என்ன?"

"ஒண்டுமில்லை தம்பி, சீமெந்துதான்."

அவன் கத்தியை உருவினான்.

"கத்தியாலை கிண்டாதேங்கோ! நான் போட்டது, நானே கழட்டிறன். நடுவில உள்ளதைத் தனிய எடுக்க ஏலாது. சுவர்க் கரையில இருந்துதான் கழட்டவேணும்."

அவன் கதிரையில் இருந்து காத்திருந்தான். நான் வரிவரியாகக் கழற்றினேன். கடைசியில் சீமெந்தில் ஒரு கையகலப் பள்ளம் தெரிந்தது. நான் நிரவாமல் விட்டது. வேறொன்றுமில்லை.

"அம்மா வேலை சரியில்ல," என்று சிரித்தான்.

"உங்கட அம்மாவுக்கு ஏலுமோ இப்பிடிப் போட?"

அவன் சிரிப்பு நின்றது. "பள்ளத்த மூடுங்க. அடுத்த முறை வேற ஆள் வரும். அவன் இப்பிடிக் கதிரையில இருந்து பாத்திருக்க மாட்டான்."

அன்றே சீமெந்து பூசி, காய்ந்தபின் பலகைகளை மறுபடி கொளுவினேன். அவன் என்னை வெருட்டினானோ, எனக்கு உதவினானோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.