சிவநேசன் சார் வைக்காத கையெழுத்து

சிவநேசன் சார் இன்று காலை போய்விட்டாராம். களுபோவில ஆஸ்பத்திரியில்.

டைம்லைன் முழுக்க ஒரே புகழ்ச்சி... "பிழையே விடாத எஞ்சினியர்." நானும் அவருக்குக் கீழே இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். ஒரு பிழை எனக்குத் தெரியும்.

வெள்ளவத்தை ஆபீஸ். இரும்புக் குழாயைக் கவ்வித் தூக்கும் கிளாம்ப் ஒன்றுக்கு கம்ப்யூட்டரில் அனாலிசிஸ். கிளாம்ப் குழாயைத் தொடும் இடத்தில் உராய்வைக் கொடுத்து ஓடவிட்டேன். மூன்று நாள்... விடை வரவே இல்லை. எரர், எரர், எரர்.

சார் என் கதிரையில் உட்கார்ந்தார். என் லாகினிலேயே உராய்வைத் தூக்கிவிட்டு 'பாண்டட்' என்று மாற்றினார். அதாவது இரண்டும் பசை போட்டு ஒட்டின மாதிரி, வழுக்கவே வழுக்காது. பத்து நிமிஷத்தில் விடை வந்தது, கலர் கலராக.

"சார், நெசத்துல அது வழுக்கும் சார்."

"தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்த பிள்ளை எனக்குப் படிப்பிக்குதோ?" ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டுப் போய்.

அந்த விடையை நம்பிச் செய்த கிளாம்பிலிருந்து, வத்தளை ஃபேக்டரியில் குழாய் வழுக்கி விழுந்தது. ஒருவரின் பாதம் நசுங்கிவிட்டது.

மீட்டிங்கில் சார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "பிள்ளைக்கு அனுபவம் காணாது. செட்டிங் விளங்காமல் மாத்திப்போட்டுது."

ஃபைலில் என் பெயர்தானே இருந்தது. அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றுவரை எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும், "ஆ... அந்த கிளாம்ப் கேர்ள்?"

போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் கொண்டுபோகவில்லை. ஒரு கடிதம், ஒரு பேனா. 'பாண்டட் என்று மாற்றியது நான்தான்.' ஒரே வரி.

வாசித்தார். "ஓம் பிள்ளை... நான்தான். ஆனா சாகக் கிடக்கிறவனிட்ட இதைக் கொண்டு வாறீரே... உமக்கு இரக்கம் இல்லையே?"

"அந்தக் கால் நசுங்குன மனுசன்கிட்ட கேளுங்க சார்."

பேனாவை வாங்கினார். கடிதத்தை மட்டும் திருப்பித் தந்தார். பேனாவைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "நாளைக்கு வாரும்... இப்ப ஏலாமல் கிடக்கு."

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும். "அப்பா நித்திரை" என்று மகள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். திரைக்குப் பின்னால் அவர் இருமியது கேட்டது.

செத்த வீட்டுக்கு நான் வரவில்லை. கடிதம் என் பையில்தான் இருக்கிறது சார், கையெழுத்துக்குப் போட்ட புள்ளிக்கோட்டோடு.

போய் வாருங்கள். பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.