மாடியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன்

எதிர்வீட்டுக் கொலுவுக்கு லைட் மாட்டப் போனதில் ஆரம்பித்தது இது. காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் தெருவில் கரண்ட் சமாச்சாரம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருப்பவன், மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். வேறு என்ன தகுதி வேண்டும்?

எதிர்வீட்டுப் பெண் கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்க வைத்து, பார்க் கட்டி, அதைச் சுற்றி பிளாஸ்டிக் ரயில் விட்டிருந்தாள். அட்டையில் ஒரு ஸ்டேஷன். அதற்குள் வைக்கக் கடுகளவு எல்.ஈ.டி. விளக்குகளை ஆன்லைனில் வாங்கியிருந்தாள். நான் வயரைப் பற்றவைக்கும் சால்டரிங் கோலைச் சூடாக்கி, ராசின் என்ற பிசினில் தொட்டேன். புகை எழுந்தது. சாம்பிராணியும் பைன் மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. "ஒண்ணு போனா எல்லாம் போயிருமா மாமா?" என்று கேட்டாள். "இப்பல்லாம் அப்படிப் போவாதும்மா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதன் பிறகு கை சரியாக ஓடவில்லை. நினைப்பு பழையபடி ஜக்கரியா நானாவின் மாடிக்குப் போய்விட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது. சர்க்கார் வேலை இன்னும் கிடைக்கவில்லை. சீரியல் செட் போட்டுக்கொண்டிருந்தேன். மாங்கனித் திருவிழா, தர்கா கந்தூரி, பட்டினச்சேரியில் அம்மன் கோயில் விசேஷம், எதுவானாலும் மூங்கில் சட்டத்தில் பல்பு கட்டி மயில் ஆடவிடுவது என் தொழில். ஒரு தடவை என் மயிலின் தோகை உள்பக்கமாகச் சுருங்கிச் சுருங்கி ஆடியது. ஜனங்கள் அதையும் ரசித்துத்தான் பார்த்தார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கரண்ட்டில் எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜக்கரியா நானா, எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள், பிரான்ஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். எல்லாரும் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டு வருவார்கள். இவர் கொண்டு வந்த பெட்டியைத் திறந்தால் ஒரு ரயில். விரல் நீளத்தில் கறுப்பு எஞ்சின், நான்கு பெட்டிகள், சுருட்டி அடுக்கிய தண்டவாளம். பெட்டிகளை அவரே செங்காவி நிறத்தில் வண்ணம் பூசி நம் ஊர்ப் பெட்டிகளாக மாற்றியிருந்தார். அவர் வந்தபோது இங்கே நிஜ ரயில் நின்றுபோய் ஐந்தாறு வருஷம். தண்டவாளத்தைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஸ்டேஷன் பக்கம் ஆடு மேய்ந்தது.

மாடிக் கூடத்தில் இரண்டு பிளைவுட் பலகையைச் சேர்த்துப் போட்டு, அவர் காரைக்கால் ஸ்டேஷனைக் கட்டியிருந்தார். துணிக்கடை அட்டையில் வீடுகள், விளக்குமாற்றுக் குச்சியில் தென்னை மரம், பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளில் வயல். என்னை மேலே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டு, "வுவாலா!" என்று, 'இதோ பார்' என்பதைப் பிரெஞ்சில் சொல்லிக் கையை விரித்தார். பிறகு ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்த பல்புகள், ஒவ்வொன்றும் நெல்மணி அளவு. தலைமுடி மாதிரி இரண்டு கம்பி தொங்கியது. எண்ணி இருபது.

"சாயங்கால வண்டி கெளம்புற நேரம், தம்பி. வூடு வூடா வெளக்கு வச்சிருப்பாங்க. பிரான்ஸுக்குப் போன அன்னிக்கு நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே போனேன். ஒவ்வொரு வெளக்கா பின்னால போச்சு. அது எனக்கு வேணும்."

எனக்காக இல்லை, ராத்தாவுக்காக என்று அவர் சொன்னது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அவருடைய அக்கா, மரியம் ராத்தா, நாலு தெரு தள்ளி இருந்தார். தம்பி ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியும் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று அந்த ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனவர், அக்காவின் கல்யாணத்துக்கு வரவில்லை. உம்மா மௌத்தாகி அடக்கம் செய்தபோதும் வரவில்லை. "பணம் வந்துச்சு, ஆளு வரல" என்று ராத்தா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லையே. நானாவும் அதை மறுத்ததில்லை. "கோவம் இருக்கட்டும். ஒரு தடவ வந்து இத பாத்துட்டாப் போதும்" என்பார். அந்தப் பலகை முழுக்க அந்த ஒரு தடவைக்காகத்தான்.

பல்போடு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியும், வயரிங் படம் போட்ட ஒரு தாளும் இருந்தன. தாள் பிரெஞ்சில் இருந்தது. "படிச்சுச் சொல்லவா?" என்று நானா கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "படம் எனக்குப் புரியும், நானா. நான் பாத்துக்கிறேன்" என்று மடித்துப் பையில் போட்டேன். படம் எனக்குப் பாதிதான் புரிந்தது.

அந்தப் படத்தின்படி ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக இரண்டு வயர் இழுக்க வேண்டும். நாற்பது துளை, நாற்பது ஈயப் பற்று, முழுசாக இரண்டு மூன்று வார வேலை. எனக்கோ கந்தூரி வேலை தலைக்கு மேல். என் மூளை சீரியல் செட் மூளை. பல்பு பன்னிரண்டு வோல்ட், இருபது பல்பு, பெருக்கினால் இருநூற்று நாற்பது. வரிசையாக ஒன்றோடு ஒன்று கோத்து, நேரே வீட்டு பிளக்கில் செருகினால் முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம்! ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எனக்கு ஒரே பூரிப்பு. பெட்டியைப் பிரிக்காமலே பலகைக்கு அடியில் தள்ளிவிட்டேன். பாருங்கள், அட்டை வீட்டுக்குள் வீட்டு மின்சாரத்தை விட்டிருக்கிறேன். யாருக்கும் ஷாக் அடிக்காமல் போனது என் சாமர்த்தியத்தால் அல்ல.

எரிந்தது, அழகாகவே எரிந்தது. சாயங்கால வோல்டேஜ் குறைவு என்பதால் விளக்குகள் மங்கலாக, மண்ணெண்ணெய் விளக்கு நிறத்தில் எரிந்தன. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்குத் தெரியாததா தம்பி" என்றார். அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சீரியல் செட்டில் ஒரு பல்பு செத்தால் வரிசை முழுக்க அணைந்துவிடும். நாங்கள் செத்ததைத் தேடி வெட்டிப் போட்டுவிட்டு, வயரை முறுக்கி விடுவோம். திருவிழாப் பந்தலில் ஒரு பல்பு குறைந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? இங்கேயும் இரண்டு போயின. இரண்டையும் முறுக்கிவிட்டேன். இரண்டு வீடு இருட்டாயிற்று. மற்றவை கொஞ்சம் பளிச்சென்று எரிந்தன. பல்பு குறையக் குறைய மிச்சத்தின் மேல் பாரம் ஏறும், அதுவும் சீக்கிரம் போகும். எனக்கு அது தெரியும். இருந்தும் கந்தூரி முடியட்டும், சரியாகச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் ராத்தா வருவதாகச் சொல்லிவிட்டார். யார் போய் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை அந்தி நேரத்து மஹ்ரிபு தொழுகை முடிந்த பிறகு, வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். நானா கூடத்துக் குழல்விளக்கை அணைத்தார். நான் பலகையின் ஓரமாக நின்று பிளக்கைச் செருகினேன். ரயில் அதன் பாட்டுக்குத் தனக்கென்று இருந்த வேறு டிரான்ஸ்ஃபார்மரின் கரண்ட்டில் கிளம்பியது.

ராத்தா வாசல்படியிலேயே நின்றார். பிறகு ஓரடி வைத்தார். "இது சாயபு டீக்கடைல்ல?" என்றார்.

"ஆமாம் ராத்தா."

"இது கணக்கர் வூடு. பக்கத்துல ஒரு வேப்பமரம் இருந்துச்சு, அத வுட்டுட்டியே."

நானா என் பக்கம் திரும்பி, "தம்பி, வேப்பமரம், வேப்பமரம், எழுதிக்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். திட்டு வாங்கி அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் கண்டதில்லை. ராத்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாட்பாரத்தில் விளக்குக்குக் கீழே நானா ஒரு குட்டிப் பெண் பொம்மையை ஒட்டியிருந்தார். "ஒன்ன வழியனுப்ப வந்தப்ப நான் இங்க நிக்கல. அந்தத் தூணுகிட்ட நின்னேன்" என்று ராத்தா விரலை நீட்டினார்.

அப்போது எல்லா விளக்கும் அணைந்தன.

கரண்ட் போகவில்லை. தெருவிளக்கு ஜன்னலில் தெரிந்தது. இருட்டில் ரயில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் கேட்டது. பல்பு ஒன்று செத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு. "வோல்டேஜ் ஏறிருச்சு நானா. நம்ம கையில என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துப் பலகைக்கு அடியில் நுழைந்தேன். துண்டு வயரை வைத்து ஒவ்வொரு பல்பாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். செத்ததைத் தொடும்போது மற்றதெல்லாம் எரியும். பதினெட்டு பல்பு.

மேலே ராத்தாவின் குரல் கேட்டது. அதில் கோபம்கூட இல்லை.

"நீ போன அன்னிக்கும் இப்படித்தான். வண்டி போச்சு. கடைசி வண்டின்னு ஸ்டேஷன் வெளக்க அணைச்சிட்டாங்க. நான் இருட்டுலதான் வூட்டுக்குப் போனேன்."

முப்பது வருஷமாக நானா மனசுக்குள் ஜன்னலோர விளக்குகளாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம், இந்த அம்மாவுக்கு இருட்டாகவே இருந்திருக்கிறது. அது அவருக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும். "நான் வர்றேன்" என்று ராத்தா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஸ்டூல் நகர்ந்தது.

"தப்பு என்னுது ராத்தா, ரெண்டு நிமிஷம் இருங்க." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இருந்திருப்பார். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது, அட்டை பிரிக்காமல். அதைக் காட்டியிருந்தால் என்னைத் திட்டிவிட்டுத் தம்பியோடு உட்கார்ந்திருப்பார். நான் வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ பல்பைத் தொட்டபோது ஊர் முழுக்க எரிந்தது. ராத்தா அப்போது படியில் பாதி இறங்கிவிட்டார். நானா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை.

அடுத்த வாரமே எல்லாவற்றையும் பிய்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து வைத்து, செத்த மூன்றுக்கும் வேறு பல்பு வாங்கிப் போட்டு, வீட்டுக்கு இரண்டு வயர் வீதம் இழுத்து, நாற்பது துளை போட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து செய்தேன். பிறகு ஒரு பல்பும் சாகவில்லை. நானா ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டபோதும், "இது இன்னும் நல்லாருக்கும்" என்றேனே தவிர, உண்மையைச் சொல்லவில்லை. வேப்பமரம் வைத்தார். பொம்மையைப் பெயர்த்துத் தூணுக்குப் பக்கத்தில் ஒட்டினார். இரண்டு தடவை ஆள் அனுப்பினார். ராத்தாவுக்கு முட்டி வலி என்று பதில் வந்தது.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், ராத்தாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மகன் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், இனிமேல் அங்கேதான் என்றார்கள். பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, வெளக்கெல்லாம் எரியுதா இப்ப?"

"எரியுது ராத்தா. வேப்பமரம்கூட வச்சாச்சு. வந்து பாத்துட்டுப் போயிருக்கலாமே."

"வச்சிட்டானா?" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது. "சரி, அடுத்த தடவ வரும்போது பாப்போம்." பஸ் கிளம்பிவிட்டது.

நேரே நானா வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். போகவில்லை. போனால், 'ராத்தா கேட்டாங்க' என்று சொன்னால், அன்றைக்கு விளக்கு ஏன் அணைந்தது என்பதில் போய் நிற்கும் என்று பயம். நாளைக்குச் சொல்லலாம், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளினேன். இரண்டு மாதத்தில் சென்னையிலிருந்து ராத்தா இறந்துவிட்ட தகவல் வந்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

நானா மாடி விளக்கைப் போடுவதை விட்டுவிட்டார். மகள் வந்து பிரான்ஸுக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள். வீடு கைமாறி, இடித்து, இப்போது அங்கே டைல்ஸ் கடை இருக்கிறது. இடிப்பதற்கு முந்தின வாரம் அந்தப் பலகையைத் தெருவில் தூக்கிப் போட்டிருந்தார்கள். மழையில் அட்டை வீடுகள் ஊறிக் கரைந்து, அடியில் நான் இழுத்த வயர் மட்டும் ஜோடி ஜோடியாக, நேர்த்தியாகத் தொங்கியது. ஊருக்கு இப்போது மறுபடி தண்டவாளம் வந்துவிட்டது, அகலப்பாதை. பழைய ஸ்டேஷனும் சாயபு டீக்கடையும் எங்கே இருந்தன என்று காட்டச் சொன்னால் எனக்கே தடுமாறும்.

நானா பிரான்ஸுக்குப் போன பிறகு மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். போகும்போது அங்கத்து போன் நம்பரைத் தன் கையாலேயே என் டைரியில் எழுதிக் கொடுத்திருந்தார். "சும்மாவாச்சும் பேசு தம்பி" என்றார். நான் ஒரு தடவைகூடப் பேசவில்லை.